செய்திக்கும் ஒரு சொந்த வீடு வேண்டும்



இன்று உங்கள் வீட்டிற்குள் ஒரு செய்தி நுழைந்திருக்கும். அது தொலைதூர நாட்டின் போரைப் பற்றியதாக இருக்கலாம்; ஹஜ் பயண விதிகளைப் பற்றியதாக இருக்கலாம்; மருந்து விலையைப் பற்றியதாகவும் இருக்கலாம். அதை உங்களுக்குச் சொன்னவர் யார் என்று ஒருவர் கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாளேட்டின் பெயரையோ, ஒரு வானொலி நிலையத்தின் பெயரையோ நாம் கூறியிருப்போம். இன்று நம்மில் பலரும் கூறும் விடை, "போனில் வந்தது" என்பதே.

போன் என்பது ஒரு கருவி. அது எங்கும் சென்று செய்தி திரட்டுவதில்லை. எங்கோ ஒரு செய்தியாளர் அலைந்து திரிந்து சேகரித்த தகவல், ஒரு தனியார் நிறுவனத்தின் சமூக வலைத்தளம் வழியாக அக்கருவிக்குள் வந்து சேருகிறது. அவ்வழி யாருக்குச் சொந்தம்? அவ்வழியின் கதவை எவர் அடைக்கலாம், எவர் திறக்கலாம்? உலகின் செய்தியாளர்கள் பலர் இக்கேள்வியை 2022ஆம் ஆண்டின் இறுதியில்தான் உரக்கக் கேட்கத் தொடங்கினர். அதற்கு அவர்கள் தேடிக்கொண்ட விடைகளுள் ஒன்றே, எந்த ஒரு முதலாளிக்கும் முழுவதும் சொந்தமாகாத "மையமற்ற" சமூகத் தளங்கள். செய்தியை ஓர் அமானிதமாகக் கருதும் சமுதாயம் நாம். ஆகவே இவ்விடப்பெயர்ச்சியின் காரணத்தையும், அதனால் விளைந்த நன்மை தீமைகளையும் நாம் அறிந்திருப்பது நலம்.

ஒரே இரவில் அடைபட்ட கதவுகள்

ட்விட்டர் என்னும் தளம் 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. சில வரிகளில் கருத்துச் சொல்லும் எளிய ஏற்பாடாகத் தொடங்கிய அது, காலப்போக்கில் செய்தியாளர்களின் சந்தைத்திடலாகவே மாறிவிட்டது. அமைச்சர்கள் அங்கே அறிக்கை விடுத்தார்கள். நிலநடுக்கம் நேர்ந்தால் முதல் தகவல் அங்கேதான் வந்தது. செய்தியாளர்கள் தங்கள் வாசகர்களையும் அங்கேயே திரட்டி வைத்திருந்தார்கள்.

2022 அக்டோபர் 27 அன்று செல்வந்தர் எலான் மஸ்க் அத்தளத்தை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். அவர் பேச்சுச் சுதந்திரத்தின் காவலர் என்றே தம்மைக் கூறிக்கொண்டவர். ஆயினும் அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் இரவு, முன்னறிவிப்பு ஏதுமின்றிப் பல செய்தியாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், சி.என்.என்., வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா போன்ற பெரிய நிறுவனங்களின் செய்தியாளர்கள் அவர்களுள் இருந்தனர். மஸ்கின் தனி விமானம் எங்கே செல்கிறது என்பதைப் பொதுத் தகவல்களைக் கொண்டு வெளியிட்டு வந்த ஒரு கணக்கு அதற்கு முந்திய நாள் நீக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி எழுதியவர்களே பெரும்பாலும் இந்நடவடிக்கைக்கு உள்ளாயினர். தம் இருப்பிடத்தை வெளிப்படுத்தித் தம் குடும்பத்திற்கு ஆபத்து உண்டாக்கினார்கள் என்பது மஸ்கின் வாதம். செய்தி வெளியிட்டதற்காகவே தண்டிக்கப்பட்டோம் என்பது செய்தியாளர்களின் வாதம். ஐக்கிய நாடுகள் சபையும் ஐரோப்பிய ஒன்றியமும் இச்செயலைக் கண்டித்தன. சில நாட்களில் பெரும்பாலான கணக்குகள் மீண்டும் திறக்கப்பட்டன.

வாதத்தில் எவர் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுவோம். ஒரு செய்தி இங்கே கவனிக்கத்தக்கது. வழக்கு நடத்தியவரும், தீர்ப்பு வழங்கியவரும், தண்டனையை நிறைவேற்றியவரும் ஒரே மனிதராக இருந்தார். அது மட்டுமன்று. மாஸ்டடான் என்னும் போட்டித் தளத்தின் கணக்கும் அதே நாளில் முடக்கப்பட்டது. மூன்று நாட்களுக்குப் பின், பிற தளங்களில் உள்ள தங்கள் முகவரியை விளம்பரப்படுத்துவதே குற்றம் என்று ஒரு விதி அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும் அது விரைவில் திரும்பப் பெறப்பட்டது. வீட்டை விட்டுப் போகிறவர், புதிய வீட்டின் முகவரியைக் கதவில் எழுதி வைக்கவும் கூடாது என்று சொன்னதற்கு ஒப்பாகும் இது!

எட்டு டாலருக்கு ஒரு நற்சான்று

அதற்கு ஒரு திங்களுக்கு முன்னரே வேறொரு நிகழ்ச்சி நடந்திருந்தது. ஒரு கணக்கு உண்மையாகவே அப்பெயருக்கு உரியவருடையதுதான் என்பதைக் காட்ட, நீல நிற அடையாளம் ஒன்றை ட்விட்டர் 2009ஆம் ஆண்டு முதல் வழங்கி வந்தது. 2022 நவம்பரில் அது திங்களுக்கு 8 டாலர் செலுத்துவோர்க்குக் கிடைக்கும் பொருளாயிற்று. உடனே நடந்தது என்ன? எலி லில்லி என்னும் அமெரிக்க மருந்து நிறுவனத்தின் பெயரில் எவரோ ஒரு போலிக் கணக்கைத் தொடங்கினார். நீல அடையாளத்தையும் பெற்றார். இனி இன்சுலின் இலவசம் என்று நவம்பர் 10ஆம் நாள் அறிவித்துவிட்டார். உண்மையான நிறுவனம் மக்களிடம் வருத்தம் தெரிவித்து மறுப்பு வெளியிட நேர்ந்தது.

நம் இல்லங்களில் நீரிழிவு நோயாளி இல்லாத வீடு அரிது. இன்சுலின் விலை பற்றிய ஒரு பொய் எத்தனை உள்ளங்களில் வீண் நம்பிக்கையை ஊட்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

2023 மே 22 அன்று, அமெரிக்க இராணுவத் தலைமையகமான பென்டகனுக்கு அருகில் குண்டு வெடித்ததாக ஒரு படம் பரவியது. அது கணினியால் செய்யப்பட்ட போலிப் படம். அதைப் பரப்பிய கணக்குகளுள் ஒன்று, நிதிச் செய்தி நிறுவனம் ஒன்றின் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு நீல அடையாளத்துடனும் விளங்கியது. சிறிது நேரம் பங்குச் சந்தையே ஆட்டம் கண்டது. நற்சான்று விற்பனைக்கு வரும்போது, நல்லவரும் பொய்யரும் ஒரே ஆடையில் காட்சி தருகின்றனர்.

வெளியேறிய வானொலியும் நாளேடும்

2023 ஏப்ரல் 4ஆம் நாள், அமெரிக்காவின் பொது வானொலியாகிய என்.பி.ஆர். நிறுவனத்தின் கணக்கில் "அரசைச் சார்ந்த ஊடகம்" என்ற முத்திரையை ட்விட்டர் குத்தியது. ரஷ்ய, சீன அரசுகளின் செய்தி நிறுவனங்களுக்கு இடப்பட்ட அதே முத்திரை! ஆனால் மத்திய அரசிடமிருந்து அவ்வானொலி அப்போது நேரடியாகப் பெற்ற தொகையோ, அதன் வருவாயில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவு. முத்திரையின் வாசகம் பின்னர் மாற்றப்பட்டபோதிலும் என்.பி.ஆர். ஏற்கவில்லை. ஏப்ரல் 12 அன்று தன் 52 கணக்குகளிலும் எழுதுவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்து வெளியேறியது. சுவீடன் நாட்டு வானொலியும் அதே திங்களில் வெளியேறியது.

அவ்வாண்டு ஜூலையில் ட்விட்டர், எக்ஸ் என்று பெயர் மாற்றம் பெற்றது. 2024 நவம்பர் 13 அன்று, 1821ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் தோன்றிய கார்டியன் நாளேடு, எக்ஸ் தளத்தில் இனித் தன் கணக்குகளின் வழியே எதுவும் வெளியிடுவதில்லை என்று அறிவித்தது. அதற்கு அங்கே 80க்கும் மேற்பட்ட கணக்குகளும், அவற்றைப் பின்தொடர்வோர் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் பேரும் இருந்தனர். இனவெறியும் சதிக் கட்டுக்கதைகளும் அத்தளத்தில் மலிந்துவிட்டன என்பது அவ்வேடு கூறிய காரணம். மறுநாள் பார்சிலோனாவின் லா வான்கார்தியாவும், அதற்கடுத்த நாள் சுவீடனின் டாகென்ஸ் நீஹெத்தரும் அதே முடிவை அறிவித்தன. ஐரோப்பியச் செய்தியாளர் கூட்டமைப்பு 2025 ஜனவரி 20 முதல் அங்கே எழுதுவதை நிறுத்தியது.

உலகின் எல்லா ஏடுகளும் வெளியேறிவிட்டன என்று எண்ணிவிட வேண்டாம். பல ஏடுகள் அங்கேயே இருக்கின்றன. வெளியேறிய செய்தியாளர்களிலும் பலர் திரும்பி வந்தனர். ஆயினும் இரண்டு நூற்றாண்டு வயதுள்ள ஓர் ஏடு, கோடிக்கணக்கானோர் கூடியிருந்த மன்றத்தை விட்டு எழுந்து சென்றது சிறிய நிகழ்ச்சியன்று.

வாயிற்காவலரின் கையில் செய்தி

இது ஒரு செல்வந்தரின் குணத்தைப் பற்றிய வழக்கு என்று சுருக்கிவிடவும் இயலாது. சமூகத் தளங்கள் அனைத்திற்கும் பொதுவான நோய் இது.

2023 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் ஏடு ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டது. எக்ஸ் தளத்திலிருந்து நியூயார்க் டைம்ஸ், ராய்ட்டர் முதலிய சில தளங்களுக்குச் செல்லும் இணைப்பைத் தொட்டால், பக்கம் திறக்க ஏறத்தாழ 5 விநாடி தாமதமாயிற்று. மற்ற பெரும்பாலான தளங்களுக்கு அத்தாமதம் இல்லை. ஐந்து விநாடி என்பது அற்பம் என்று தோன்றும். ஆனால் போனில் படிக்கும் மனிதரின் பொறுமைக்கு அதுவே நீண்ட நேரம். அவர் அடுத்த செய்திக்குத் தாவிவிடுவார். எவரும் செய்தியைத் தடை செய்யவில்லை. வாயிற்காவலர் கதவைத் திறக்கச் சற்றே சுணங்கினார், அவ்வளவுதான்!

கனடாவில் நடந்தது இதனினும் பெரிது. செய்தி நிறுவனங்களுக்குப் பெரிய தளங்கள் பணம் தர வேண்டும் என்று அந்நாடு சட்டம் இயற்றியது. அதற்கு மறுப்பாக, பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் 2023 ஆகஸ்டு 1 முதல் கனடா மக்களுக்குச் செய்திகளைக் காட்டுவதையே நிறுத்தியது. அதே ஆகஸ்டின் நடுவில், காட்டுத்தீ நெருங்கியதால் எல்லோநைஃப் நகரின் ஏறத்தாழ 20,000 மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே தங்கலாம் என்று உள்ளூர் ஏடுகளும் வானொலியும் எழுதிய செய்திகளை, மக்கள் தாங்கள் பழகிய தளத்தில் ஒருவருக்கொருவர் பகிர முடியவில்லை. அரசுக்கும் நிறுவனத்திற்கும் நடந்த பணப் பூசலில், தீயின் முன் நின்ற மக்கள் தவித்தார்கள்.

பலஸ்தீன மக்களின் துயரம் குறித்து நம் சமுதாயம் அறிந்த ஒன்றும் உண்டு. மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பாகிய ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், 2023 அக்டோபர், நவம்பர் திங்கள்களில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நீக்கப்பட்ட அல்லது அடக்கப்பட்ட 1,050 பதிவுகளை ஆராய்ந்து டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் 1,049 பதிவுகள் பலஸ்தீனத்திற்கு ஆதரவாக அமைதியான முறையில் எழுதப்பட்டவை என்று அது கூறியது. ஒரு சமுதாயத்தின் அழுகுரல் எங்கோ ஓர் அலுவலகத்தின் விதிப்புத்தகத்திற்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் நிலையை இதனினும் தெளிவாகக் காட்ட இயலுமா?

இவை அனைத்திற்கும் மூலகாரணம் ஒன்றே. செய்தி வாடகை வீட்டில் குடியிருக்கிறது. வாசகர்களையும் அந்த வீட்டிலேயே கூட்டி வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் வெளியேறச் சொன்னால் வீட்டோடு வாசகர்களையும் இழக்க வேண்டியதுதான்.

மையமற்ற தளம் என்பது யாது?

தபால் நிலையத்தையும் மின்னஞ்சலையும் நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு நிறுவனத்தில் மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கலாம். உங்கள் தம்பி வேறொரு நிறுவனத்தில் வைத்திருக்கலாம். ஆயினும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதத் தடையில்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே பொது விதிமுறையை ஏற்றிருப்பதே அதற்குக் காரணம். மையமற்ற சமூகத் தளமும் அவ்வாறே இயங்குகிறது.

மாஸ்டடான் என்னும் தளத்தை ஜெர்மனியில் வாழ்ந்த யூஜென் ரோக்கோ என்னும் இளைஞர் 2016ஆம் ஆண்டில் உருவாக்கினார். அது ஒரே கட்டடமன்று. ஆயிரக்கணக்கான சிறு வீடுகள் கொண்ட ஊரைப் போன்றது. ஒவ்வொரு வீடும் ஒரு சர்வர், அதாவது இணையத்தோடு எப்போதும் இணைந்திருக்கும் ஒரு கணினி. எவர் வேண்டுமானாலும் தம் செலவில் ஒன்றை அமைக்கலாம். ஒரு வீட்டில் எழுதியதை மற்ற வீட்டார் படிக்கலாம், மறுமொழி கூறலாம். இதற்கான பொது விதிமுறையை உலக இணைய அமைப்பு 2018 ஜனவரியில் அங்கீகரித்தது. குடியிருக்கும் வீடு பிடிக்காவிட்டால், தம்மைப் பின்தொடர்வோரையும் அழைத்துக்கொண்டு வேறு வீட்டிற்குக் குடிபெயரலாம். இங்கே நாம் கண்ட வாடகை வீட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

ட்விட்டர் கைமாறியதைத் தொடர்ந்து சில வாரங்களில் மாஸ்டடானின் பயனர் தொகை சில இலட்சங்களிலிருந்து 25 இலட்சமாகப் பெருகியது. செய்தி நிறுவனங்களும் தங்களுக்கென்று சர்வர்களை அமைத்தன. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 2023 ஜூலை இறுதியில் ஆறு திங்கள் சோதனையாகத் தன் சொந்த சர்வரைத் தொடங்கிப் பின்னர் அதை நீட்டித்தது. ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிறுவனங்களும் அவ்வாறே செய்தன.

புளூஸ்கை என்பது மற்றொன்று. 2019இல் ட்விட்டர் நிறுவனத்திற்குள்ளேயே ஓர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, பின்னர்த் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2024 பிப்ரவரியில் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அதன் கணக்குகள் 2 கோடியைக் கடந்தன; 2025 இறுதிக்குள் 4 கோடியைத் தாண்டின. அதில் ஓர் ஏடு தன் சொந்த இணைய முகவரியையே தன் பெயராக வைத்துக்கொள்ளலாம். அம்முகவரி உரியவரிடம் மட்டுமே இருக்கும் ஆகையால், அதுவே நற்சான்றாகிவிடுகிறது. எட்டு டாலர் கொடுத்து அதை எவரும் வாங்க முடியாது. 2025 ஏப்ரலில் இன்னொரு ஏற்பாடும் வந்தது. நியூயார்க் டைம்ஸ் போன்ற நிறுவனங்கள், தங்கள் செய்தியாளர் இன்னார்தாம் என்று தாங்களே அடையாளம் வழங்கலாம்.

நம் முன்னோர் கண்ட வழி

இதைப் படிக்கும்போது, மத்ரஸாவில் கிதாபு ஓதியவர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வரும். அதுதான் "இஜாஸத்". இன்னாரிடம் இன்ன நூலை இவர் முறையாக ஓதினார், இவர் பிறருக்கு ஓதிக்கொடுக்கலாம் என்று உஸ்தாத் மாணவருக்கு அளிக்கும் அனுமதி அது. ஒரு நபிமொழி நம்மிடம் வந்து சேரும்போது, அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருக்குச் சொன்னவர் யார் என்ற தொடரும் உடன் வருகிறது. அத்தொடரை "ஸனத்" என்கிறோம். அறிவிப்பாளர்களின் நினைவாற்றலையும் நேர்மையையும் ஆராய்வதற்கென்றே ஒரு கலையை நம் இமாம்கள் வளர்த்தார்கள்.

அந்த அறிவுச் செல்வம் ஒரே கட்டடத்திற்குள் பூட்டி வைக்கப்படவும் இல்லை. மக்கா, மதீனா, கூஃபா, பஸ்ரா, திமிஷ்க், மிஸ்ரு என்று பல நகரங்களில் அது வாழ்ந்தது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஊர் ஊராகப் பயணம் செய்தே ஹதீஸ்களைத் திரட்டினார்கள். 1258ஆம் ஆண்டில் தாத்தாரியர் படையெடுப்பில் பக்தாத் அழிந்தது. அதன் நூலகங்களும் அழிந்தன. ஆனால் திருமறையில் ஓர் எழுத்தும் குறையவில்லை. ஹதீஸ் தொகுப்புகளும் பிழைத்தன. ஹாபிழ்களின் உள்ளங்களிலும், பல நகரங்களின் மத்ரஸாக்களிலும் அவை பரவியிருந்ததே அதற்கு அல்லாஹ் அமைத்த காரணம். பல வீடுகளில் வாழும் அறிவை ஒருவர் ஒரே வீட்டை இடித்து அழித்துவிட முடியாது.

நம் நாட்டின் அனுபவம்

இந்தியாவில் இவ்விடப்பெயர்ச்சியின் முதல் அலை மேலைநாடுகளுக்கு முன்னரே எழுந்தது. 2019 அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. ஹிட்லர் காலத்துக் கூட்டம் ஒன்றில் எல்லாரும் கைநீட்டி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் புகழ்பெற்ற படத்தை அவர் தம் பக்கத்தில் வைத்திருந்தார். கொடுமையை மறுத்தவரின் படத்தையே வெறுப்புப் படம் என்று அத்தளம் கருதிவிட்டது! அதை எதிர்த்து, அவ்வாண்டு நவம்பரில் எழுத்தாளர்களும் செய்தியாளர்களும் உள்ளிட்ட இந்தியர் பலர் மாஸ்டடானில் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கே நிலைக்கவில்லை என்பதும் உண்மை.

2025 மே 8 அன்று, இந்திய அரசின் உத்தரவுப்படி 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்நாட்டில் மறைக்க வேண்டியுள்ளதாக எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. செய்தி நிறுவனங்களின் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். தனக்கு இதில் உடன்பாடில்லை என்று கூறிக்கொண்டே அந்நிறுவனம் உத்தரவை நிறைவேற்றியது. எல்லையில் போர் மேகம் சூழ்ந்திருந்த நாட்கள் அவை. நாட்டின் பாதுகாப்பு அரசின் கடமை என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் ஒரே தளத்தை நம்பியிருப்போரை ஒரே உத்தரவால் மறைத்துவிடலாம் என்ற உண்மையை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

புதிய வீட்டிலும் ஓட்டைகள் உண்டு

மையமற்ற தளம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று முடிவு கட்டுவது பேதைமை.

2022 நவம்பரில் செய்தியாளர்களுக்கென்றே மாஸ்டடானில் ஒரு சர்வர் தொடங்கப்பட்டது. விண்ணப்பிப்பவர் உண்மையான செய்தியாளரா என்று விசாரித்தே அங்கே இடமளித்தார்கள். ஆனால் ஒரு கருத்து மோதலைத் தொடர்ந்து, வேறு பல சர்வர்கள் அந்தச் சர்வர் முழுவதையுமே தங்கள் பக்கம் வரவொட்டாமல் தடுத்தன. ஒருவர் எழுதியதற்காக அவ்வீட்டார் எல்லாரும் ஊர்விலக்கு அனுபவித்தார்கள். பெரிய முதலாளியின் அதிகாரம் ஒழிந்த இடத்தில், பல சிறு நாட்டாண்மைகள் தலையெடுத்தன.

செலவு என்பதும் உண்டு. பல சர்வர்கள் தனிமனிதர்களின் உழைப்பாலும் கைப்பணத்தாலும் நடக்கின்றன. 2023 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஒரு மாஸ்டடான் சர்வரை, வசைகளைத் தாங்க முடியவில்லை என்று கூறி அதன் நிர்வாகி மூடுவதாக அறிவித்தார். பின்தொடர்வோரை அழைத்துக்கொண்டு செல்லலாமே தவிர, எழுதிய பழைய பதிவுகளை மாஸ்டடானில் புதிய வீட்டிற்குக் கொண்டு செல்லும் வசதி இல்லை.

புளூஸ்கை பெயரளவில் மையமற்றது. ஆனால் அதன் பெரும்பகுதியை ஒரே நிறுவனம்தான் நடத்துகிறது. 2025 ஏப்ரலில் துருக்கி அரசின் கோரிக்கையை ஏற்று, 72 கணக்குகளை அந்நாட்டில் அது மறைத்தது. அதே விதிமுறையில் இயங்கும் வேறு செயலிகளின் வழியே அவற்றைக் காண முடிந்தது என்பது உண்மைதான். எனினும் எத்தனை பேர் அவ்வாறு தேடிச் செல்வார்கள்?

ஆள்தொகையும் குறைவு. மாஸ்டடானில் திங்கள்தோறும் இயங்குவோர் இன்று பத்து இலட்சத்திற்கும் குறைவே. எக்ஸ் தளத்தின் கோடிகளுக்கு முன் இது ஒரு சிற்றூர்.

ஆனால் இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. ட்விட்டரை விட்டு வெளியேறி ஆறு திங்கள் கழித்து, என்.பி.ஆர். வானொலி தன் கணக்கைப் பார்த்தது. அதன் இணையதளத்திற்கு வருவோரில் ட்விட்டர் வழியாக வந்தவர்கள் முன்பும் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவே. வெளியேறிய பின் குறைந்தது ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான்! பேரிரைச்சல் நிறைந்த அந்த மன்றத்திலிருந்து உண்மையில் படிக்க வந்தவர்கள் அவ்வளவே. தன் சொந்த வாசலுக்கு வாசகரை நேராக வரவழைத்திருந்த நிறுவனம், வாடகை வீட்டை இழந்தும் வாழ்ந்தது. புதிய தளங்கள் கற்பிக்கும் பாடத்தினும் பெரிய பாடம் இதில் இருக்கிறது.

நம் இல்லத்தின் கடமை

அன்புச் சகோதர சகோதரிகளே! செய்தியாளர்கள் எங்கே குடியேறினாலும், நம்முடைய பங்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. ஹதீஸ் கலையில் ஸனத் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சொல்லப்பட்ட செய்தியாகிய "மத்னு" என்பதையும் இமாம்கள் சோதித்தார்கள். சொந்த இணைய முகவரி ஒருவரின் ஸனதைத்தான் உறுதிப்படுத்தும். இதைச் சொன்னவர் இன்னார் என்று அது காட்டும். அவர் சொன்னது மெய்யா என்பதை எந்தச் சர்வரும் சொல்லாது. அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், ஆறாம் வசனத்தில், நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு நமக்கு இட்ட கட்டளை, எந்தத் தளத்திற்கு மாறினாலும் நம்மை விட்டு நீங்குவதில்லை. கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதும் நாம் அறிந்ததே.

முகவரியற்ற செய்தி எத்தகைய கொடுமையில் முடியும் என்பதை நம் தமிழகமே கண்டிருக்கிறது. 2018 மே திங்களில் குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த வேளை. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த பாவத்திற்காகக் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வதந்தியை முதலில் எழுதியவர் யார் என்று அதைப் பரப்பியவர்களில் எவர் கேட்டார்? ஸனத் இல்லாத ஒரு வரி, ஓர் உயிரைக் குடித்துவிட்டது.

ஆகவே இல்லத்தின் தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் சில சொற்கள். நீங்கள் நம்பும் இரண்டு மூன்று ஏடுகளின் இணைய முகவரிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போன் கொண்டுவந்து கொட்டுவதற்காகக் காத்திராமல், அவற்றின் வாசலுக்கு நீங்களே செல்லுங்கள். ஒரு செய்தி உங்களை அழவைத்தாலோ, சினமூட்டினாலோ, அதை அனுப்புவதற்கு முன் அந்த ஏட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். படித்து முடித்ததும், "இதை முதலில் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு எவரும் இதை உறுதிப்படுத்தினார்களா?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். சில நாட்களில் அவர்களே உங்களைத் திருப்பிக் கேட்கத் தொடங்குவார்கள். அந்நாளில் மகிழ்ச்சி அடையுங்கள்.

இயன்றவர்கள் ஒரு நல்ல ஏட்டுக்குச் சந்தா செலுத்துங்கள். வாசகர் தரும் சிறு தொகையே ஓர் ஏட்டின் சொந்த வீட்டுக்குச் செங்கல்லாகிறது. அதை நாம் தராவிட்டால், எவரோ ஒரு செல்வந்தர் தம் வீட்டில் அதற்கு இடம் தருவார். அதற்குரிய வாடகையையும் அவரே நிர்ணயிப்பார்.

உண்மையை உரியவரிடமிருந்து கேட்டறிந்து, உரியவாறு எடுத்துரைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.